மகுடக் கற்களின் மூலம் – 9: லாகூர்க் கருவூலம்

சென்ற பகுதியில் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்த நிலையிலும் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு அனுப்பிய வைரங்களைப் பின்தொடர்ந்தோம். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதில் அங்கே சிக்கல் இல்லை. இந்தப் பகுதியில் வரும் நகைகளுக்கு அப்படி மனமுவந்து கொடுத்தவர் என்று எவரும் இல்லை. பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் கையொப்பம் மட்டுமே இருக்கிறது.

1912-ஆம் ஆண்டுக் கோப்பு

நம் வீடுகளில் பழைய நகை ஒன்றை எடுத்துக் காட்டினால், "இது யார் போட்டது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பாட்டி வீட்டில் போட்டது, தாய்மாமன் சீராக வந்தது, அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கியது என்று ஒவ்வொரு நகைக்கும் ஒரு வரலாறு சொல்லப்படும். இதே கேள்வி 1912-இல் பக்கிங்ஹாம் அரண்மனையிலும் எழுந்தது.

ஐந்தாம் ஜார்ஜின் மனைவியான அரசி மேரிக்கு நகைகளின் மீதும் அவற்றின் வரலாற்றின் மீதும் தீராத ஆர்வம். 1911 ஜூனில் முடிசூடியபோது அவர் அணிந்த மகுடத்தில் கோஹினூர் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கணவருடன் டெல்லி தர்பாருக்கு வந்து, இந்தியப் பெண்கள் சார்பில் பாட்டியாலா மகாராணி அளித்த மரகத அட்டிகையைப் பெற்றுக்கொண்டார். ஊர் திரும்பிய பிறகு, அரண்மனையில் ஏற்கெனவே இருந்த இந்திய நகைகள் எங்கிருந்து, எப்படி வந்தன என்று விசாரணை நடந்தது. மேரியின் விருப்பப்படியே அது நடந்ததாகத் தெரிகிறது. லண்டனில் இந்திய நிர்வாகத்தைக் கவனித்துவந்த இந்திய அலுவலகம் பழைய கடிதங்களையும் பட்டியல்களையும் புரட்டி எடுத்தது.

அப்படி உருவான 46 பக்கக் கோப்பு நூறாண்டுகளுக்கு மேலாக ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. 2023 ஏப்ரலில், மூன்றாம் சார்லஸ் முடிசூடுவதற்குச் சில வாரங்கள் முன்பு, கார்டியன் நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்தது. மரகத இடைக்கச்சை, பெரிய செந்நிறக் கற்கள் கோத்த கழுத்தணி, 224 முத்துக்கள் கொண்ட சரம் என்று அதில் குறிக்கப்பட்டவை பலவும் ஒரே ஊரைச் சுட்டின. அந்த ஊர் லாகூர்.

ரஞ்சித் சிங்கின் தோஷாகானா

மகாராஜா ரஞ்சித் சிங் 1799-இல் லாகூரைக் கைப்பற்றி, 1801-இல் பஞ்சாபின் மகாராஜாவாக முடிசூடினார். அடுத்த 40 ஆண்டுகளில் முல்தான், காஷ்மீர், பெஷாவர் ஆகியவை அவர் ஆட்சிக்குள் வந்தன. வென்ற நாடுகளின் செல்வமும் சிற்றரசர்களின் திறையும் பிரபுக்களின் நஜர் காணிக்கையும் அரச கருவூலமான தோஷாகானாவில் சேர்ந்தன. லாகூர்க் கோட்டையிலும் அமிர்தசரஸின் கோவிந்த்கர் கோட்டையிலும் அவை காக்கப்பட்டன.

அந்தக் கருவூலத்தின் விலைமதிப்பற்ற கற்கள் பலவும் அதற்கு முன்பே இரண்டு மூன்று பேரரசுகளைப் பார்த்தவை. 1739-இல் பாரசீகத்தின் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடி, ஷாஜஹானின் மயிலாசனத்தோடு முகலாயக் கருவூலத்தையும் அள்ளிச் சென்றார். 1747-இல் அவர் கொலையுண்டதும் அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி அவருடைய படைத்தலைவராக இருந்த ஆப்கானியர் அகமது ஷா துரானியிடம் சென்றது. அவருடைய பேரன் ஷா ஷுஜா அரசிழந்து லாகூருக்கு வந்தபோது கோஹினூரும் அவருடன் வந்தது.

அதை ரஞ்சித் சிங் பெற்ற விதமும் மென்மையானது அல்ல. காஷ்மீரில் சிறைப்பட்டிருந்த கணவரை மீட்டுத் தந்தால் வைரத்தைத் தருவதாக ஷா ஷுஜாவின் மனைவி வஃபா பேகம் வாக்களித்திருந்தார். மீட்கப்பட்ட ஷுஜா தயங்கியபோது, அவர் தங்கியிருந்த மாளிகையைச் சுற்றிக் காவல் போடப்பட்டது, உணவுகூடக் குறைக்கப்பட்டது. 1813 ஜூனில் வைரம் கைமாறியது. லாகூருக்கு நீதி கேட்பவர்கள் இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் படிக்க வேண்டும். அது நேர்ந்ததால் பின்னர் லாகூருக்கு இழைக்கப்பட்டது சரியாகிவிடாது. ஆனால் மூலம் தேடுகிறவன் தனக்குப் பிடித்த இடத்தில் தேடலை நிறுத்திக்கொள்ளக் கூடாது.

ரஞ்சித் சிங் எளிமையாக உடுத்தியவர். வெள்ளை உடையும், தோளில் வங்கியாகக் கட்டிய கோஹினூரும் அவருக்குப் போதும். மற்ற நகைகளை வேறு இடத்தில் பூட்டி அழகு பார்த்தார். 1838-இன் இறுதியில் தலைமை ஆளுநர் ஆக்லண்ட் பிரபு, தம் சகோதரிகள் எமிலி ஈடன், ஃபேனி ஈடன் இருவருடன் பஞ்சாபுக்கு வந்தார். மகாராஜாவின் குதிரைகளைக் கண்டு சகோதரிகள் வியந்துபோனார்கள். சேணத்திலும் கடிவாளத்திலும் நெற்றிப்பட்டத்திலும் முட்டை முட்டையாக மரகதங்கள். எமிலி அவற்றையும் கோஹினூரையும் படமாக வரைந்துகொண்டார். ஃபேனியோ, இந்த நாட்டைக் கொள்ளையிட எங்களுக்கு எப்போதாவது அனுமதி கிடைத்தால் நேராகக் குதிரை லாயத்துக்குத்தான் போவேன் என்ற பொருளில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். விருந்தாளியாக வந்த வீட்டைப் பற்றி எழுதிய வரி அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்த வேடிக்கைப் பேச்சு அரசாங்க நடவடிக்கையாகவே ஆகிவிட்டது.

கல் யாருக்குச் சொந்தம்?

1839 ஜூன் 27 அன்று ரஞ்சித் சிங் இறந்தார். படுக்கையில் கிடந்த நாட்களில், கோஹினூரைப் புரி ஜகந்நாதர் கோயிலுக்குக் கொடுத்துவிட அவர் விரும்பியதாக அப்போதே செய்தி பரவியது. கருவூலப் பொறுப்பாளர் மிஸ்ர் பேலி ராம் அதைத் தர இணங்கவில்லை. கோஹினூர் மன்னரின் தனிச் சொத்து அல்ல, அரசின் சொத்து, அடுத்து அரியணை ஏறுபவருக்கு உரியது என்பது அவர் நிலைப்பாடு. சாகக்கிடக்கும் மன்னர் கேட்டும் கொடுக்கப்படாத கல், பத்தே ஆண்டுகளில் ஒரு சிறுவனின் பெயரால் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதை நினைத்தால்தான் பின்னால் நடந்ததன் கனம் புரியும்.

அடுத்த ஆறு ஆண்டுகள் லாகூரில் ரத்தம் ஓடியது. மகன் கரக் சிங், பேரன் நௌ நிஹால் சிங் இருவரும் 1840-இல் அடுத்தடுத்து மறைந்தனர். பின்னர் ஆண்ட ஷேர் சிங் 1843 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். குதிரைச் சேணங்களை அலங்கரித்த மரகதங்களில் 19 பெரிய கற்களைக் கொண்டு தங்க இடைக்கச்சை செய்யப்பட்டது இவர் காலத்தில்தான். வைரங்களும் முத்துக்களும் அந்தக் கற்களுக்குத் துணை நின்றன.

ஷேர் சிங்குக்குப் பிறகு அரியணை ஏறியவர் ஐந்து வயதான துலீப் சிங். ரஞ்சித் சிங்கின் கடைசி மனைவியரில் ஒருவரான ஜிந்தன் கௌரின் மகன் அவர். மகனின் பெயரால் தாய் ஆட்சியை நடத்தினார். 1845–46-இல் நடந்த முதல் ஆங்கில–சீக்கியப் போரில் சீக்கியப் படை தோற்றது. 1846 டிசம்பரில் ஜிந்தன் கௌரின் அதிகாரம் பறிக்கப்பட்டு, பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் மேற்பார்வையில் இயங்கும் குழுவிடம் ஆட்சி சென்றது. மறு ஆண்டு தாயும் மகனும் பிரிக்கப்பட்டனர். தாயை ஷேக்குபுராவில் காவலில் வைத்து, பிறகு காசிக்கு அனுப்பினார்கள். அங்கே அவரிடமிருந்த நகைகளும் பறிமுதல் ஆயின.

1849 மார்ச் 29

இரண்டாம் ஆங்கில–சீக்கியப் போர் 1849 தொடக்கத்தில் முடிந்தது. மார்ச் 29 அன்று லாகூர்க் கோட்டையில் கடைசி தர்பார் கூடியது. தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் வெளியுறவுச் செயலர் ஹென்றி எலியட், பஞ்சாப் இணைக்கப்பட்டதை அறிவித்தார். பத்து வயது துலீப் சிங் முன் ஒரு தாள் வைக்கப்பட்டது, அவர் கையெழுத்திட்டார். சட்டப்படி அவர் சிறுவர். அவருடைய நலனைக் காப்பதாகப் பொறுப்பேற்றிருந்தவர்கள் பிரிட்டிஷார். அவருக்கு எதிரே நின்று கையெழுத்து வாங்கியவர்களும் பிரிட்டிஷார். பெற்ற தாய் காசிப் பக்கம் காவலில் இருந்தார்.

தாளில் ஐந்து விதிகள் இருந்தன. முதலாவதன்படி மகாராஜா பஞ்சாபின் மீதான எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டாவது விதி, லாகூர் அரசின் சொத்து எங்கிருந்தாலும் எதுவாக இருந்தாலும், லாகூரின் கடனுக்கும் போர்ச் செலவுக்கும் ஈடாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சேரும் என்றது. மூன்றாவது, ஷா ஷுஜாவிடமிருந்து ரஞ்சித் சிங் எடுத்த கோஹினூரை மகாராஜா இங்கிலாந்து அரசியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. நான்காவதன்படி துலீப் சிங்குக்கும் உறவினர்களுக்கும் பணியாளர்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்குக் குறையாமலும் ஐந்து லட்சத்துக்கு மிகாமலும் ஓய்வூதியம். ஐந்தாவது விதி அவரை மரியாதையுடன் நடத்துவது பற்றியது.

இரண்டாவது விதியையும் மூன்றாவது விதியையும் பிரித்து வைத்ததில் டல்ஹௌசியின் கணக்கு இருக்கிறது. கோஹினூரைக் கம்பெனி எடுத்து அரசிக்குக் கொடுத்தால் அது வணிகர்களின் அன்பளிப்பு ஆகிவிடும். தோற்ற மன்னர் வென்ற அரசியிடம் நேரடியாக ஒப்படைத்தால்தான் அது அடிபணிதலின் அடையாளம் ஆகும். கம்பெனி இயக்குநர்கள் இதைக் கேட்டு முணுமுணுத்தார்கள். டல்ஹௌசி அசையவில்லை. ஆகவே லாகூர் நகைகள் லண்டன் சென்ற பாதை இரண்டு. கோஹினூர் உடன்படிக்கையின் வழியே நேராக அரசியிடம் சென்றது. மற்றவை முதலில் கம்பெனிக்குப் போய், கம்பெனியின் பரிசாக அரண்மனைக்குள் நுழைந்தன. அரண்மனைப் பதிவேட்டில் அவற்றுக்கு நேரே கம்பெனி வழங்கியது என்று இருக்கும். அந்தப் பதிவு பொய்யல்ல. ஆனால் அது கதையின் கடைசி வரி மட்டுமே.

பட்டியலும் ஏலமும்

1849 ஏப்ரலில் ஜான் லாகின் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், துலீப் சிங்கின் பாதுகாவலராகவும் தோஷாகானாவின் பொறுப்பாளராகவும் நியமிக்கப்பட்டார். ஒரே மனிதரிடம் சிறுவனும் அவனிடமிருந்து எடுக்கப்பட்ட செல்வமும் ஒப்படைக்கப்பட்டன. பழைய கருவூலக்காரர் மிஸ்ர் மக்ராஜ் உடனிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, லாகின் பட்டியல் எழுதினார். நகைகளுடன் ரஞ்சித் சிங்கின் தங்க ஆசனமும், காஷ்மீர்ச் சால்வைத் துணியில் தைத்த அரச கூடாரங்களும், வாள்களும் கவசங்களும் அதில் இடம்பெற்றன.

பட்டியல் முடிந்ததும் தேர்வு நடந்தது. சிறந்தவற்றில் ஒரு பகுதியை லண்டனுக்கு அனுப்ப ஒதுக்கினார்கள். எஞ்சியவற்றில் பெரும்பகுதி 1850-இன் இறுதியிலிருந்து லாகூரிலேயே ஏலத்துக்கு வந்தது. ஒரு பேரரசு 50 ஆண்டுகள் சேர்த்தது விலைச்சீட்டு ஒட்டப்பட்டு அதிகாரிகளின் வீடுகளுக்கும் வணிகர்களின் கடைகளுக்கும் சிதறிப்போனது. லண்டன் சென்ற நகைகளின் தடத்தையாவது இன்று பிடிக்க முடிகிறது. ஏலத்தில் போனவற்றில் பெரும்பாலானவை அடுத்த தலைமுறையிலேயே பெயரிழந்துவிட்டன. தங்க ஆசனம் மட்டும் ஏலத்துக்குத் தப்பியது. அதைச் செய்தவர் முல்தானின் ஹாஃபிஸ் முகமது என்ற பொற்கொல்லர். இன்று அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோஹினூரை டல்ஹௌசி தாமே லாகூரிலிருந்து எடுத்துச் சென்றார். தோல் பையில் வைத்துத் தைத்து, இடுப்பில் கட்டி, 1849 டிசம்பரில் புறப்பட்டார். வைரம் பம்பாய்க் கருவூலத்தில் சில மாதங்கள் காத்திருந்தது. 1850 ஏப்ரல் 6 அன்று 'மெடியா' என்ற போர்க்கப்பல் அதை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வழியில் கப்பலில் காலரா பரவியது, கடும்புயலும் தாக்கியது. ஜூலை 3 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் வைரம் விக்டோரியா மகாராணியின் கைக்குச் சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 250-ஆவது ஆண்டு விழாவுக்குப் பொருந்துமாறு அந்தச் சடங்கை அமைத்திருந்தார்கள்.

செந்நிறக் கல், மரகதம், முத்து

1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் கண்காட்சி நடந்தது. கண்ணாடி மாளிகையில் லாகூர் நகைகளும் வைக்கப்பட்டன. கோஹினூரைக் காண மக்கள் முண்டியடித்தனர். ஆனால் பலரும் ஏமாற்றத்துடன் திரும்பினர். இந்தியக் கைகள் கல்லின் எடையைக் காப்பாற்றிப் பட்டை தீட்டியிருந்தன, ஐரோப்பியக் கண்கள் ஜொலிப்பைத் தேடின. மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கைவினைஞர்களை வரவழைத்து, 38 நாட்கள் தீட்டி, 186 காரட்டாக இருந்த வைரத்தை 105.6 காரட்டாகக் குறைத்தார்கள். ஷா ஷுஜாவும் ரஞ்சித் சிங்கும் அணிந்த வடிவம் அத்துடன் உலகிலிருந்து மறைந்தது.

கண்காட்சி முடிந்ததும், 1851 அக்டோபரில், மற்ற லாகூர் நகைகளைக் கம்பெனி விக்டோரியாவுக்கு வழங்கியது. அவர் தம் நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு அதைப் பதிவு செய்தார். இவற்றைக் கிரீட நகைகளாகவே சேர்க்கப்போவதாகவும் குறித்தார். மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலாவது, 352.5 காரட் எடையுள்ள செந்நிறக் கல். தைமூர் மாணிக்கம் என்று உலகம் அழைப்பது. அது மாணிக்கமே அல்ல, ஸ்பினல் என்ற வேறு கனிமம். தைமூரிடம் அது இருந்திருக்கவும் வாய்ப்பில்லை என்று 1996-இல் வெளியான ஆய்வில் சூசன் ஸ்ட்ராங் காட்டினார். ஆனால் அந்தக் கல் தன் உண்மையான வம்சாவளியைத் தன் உடம்பிலேயே சுமக்கிறது. ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப், ஃபரூக்சியார், நாதிர் ஷா, அகமது ஷா துரானி ஆகிய அரசர்களின் பெயரும் பட்டமும் பாரசீக எழுத்தில் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளன. ரஞ்சித் சிங்கின் பெயரோ விக்டோரியாவின் பெயரோ அதில் இல்லை. கல்லின் மேல் எழுதும் வழக்கம் துரானியோடு நின்றுவிட்டது, அதன்பின் எழுதியதெல்லாம் காகிதத்தில்தான். 1853-இல் லண்டன் கேரார்டு நிறுவனம் அதைக் கழுத்தணியில் பதித்தது. 1911-இல் அரசி மேரிக்காக அந்த அணி நீட்டப்பட்டது. மறு ஆண்டு விசாரணைக்கு ஆளானதும் அதே அணிதான்.

இரண்டாவது, ஷேர் சிங்கின் மரகத இடைக்கச்சை. அது உருக்கப்படாமல், மாற்றி அமைக்கப்படாமல் இன்றும் அரச சேகரிப்பில் இருக்கிறது. 2018-இல் அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் 70-ஆவது பிறந்த நாளையொட்டிப் பக்கிங்ஹாம் அரண்மனையில் நடந்த கண்காட்சியில், அவருக்குப் பிடித்த பொருட்களுள் ஒன்றாக அது இடம்பெற்றது. ஃபேனி ஈடன் குதிரைகளின் மேல் கண்டு ஏங்கியது இத்தகைய மரகதங்களுக்குத்தான்.

மூன்றாவது, 224 முத்துக்களின் சரம். முத்தின் மேல் எவரும் பெயர் பொறிப்பதில்லை. சரத்தை அறுத்துக் கோத்துவிட்டால் பழைய அடையாளம் போய்விடும். அதனால் முத்தின் மூலம் தேடுவதுதான் இருப்பதிலேயே கடினம். பஞ்சாப் மன்னருக்கு உரியதாயிருந்த மாணிக்க முகப்புடன் கூடிய, 222 முத்துக்கள் கொண்ட இரண்டு சர மாலை ஒன்று அரச குடும்பத்தில் இருப்பதாக 1987-இல் வெளிவந்த நூலில் லெஸ்லி ஃபீல்ட் எழுதினார். 2012-இல் லண்டனில் நடந்த கலை விழாவுக்கு இரண்டாம் எலிசபெத் மாணிக்க முகப்பு வைத்த முத்துமாலை அணிந்து வந்தார். இவை ரஞ்சித் சிங்கின் முத்துக்கள்தாமா என்று கேட்கப்பட்டபோது அரண்மனை உறுதிப்படுத்தவில்லை. 1912-இல் அரண்மனையே கேட்ட கேள்விக்கு 2023-இல் அரண்மனையிடமிருந்து பதில் வரவில்லை.

ஹானோவர் கேட்டது, கிடைத்தது

விக்டோரியாவின் நகைகளுக்கு வேறொரு பக்கத்திலிருந்தும் உரிமைக் குரல் எழுந்தது. 1837-இல் அவர் பிரிட்டிஷ் அரியணை ஏறியபோது, பெண் ஆள முடியாத ஹானோவர் நாடு அவருடைய சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸுக்குச் சென்றது. பாட்டி சார்லட்டின் நகைகளில் பல, உயில்படி ஹானோவர் வம்சத்துக்கு உரியவை என்று சித்தப்பா வாதிட்டார். அவர் இறந்த பிறகு மகனும் விடவில்லை. நடுவர் குழு அமைக்கப்பட்டது. பழைய உயில்கள் ஆராயப்பட்டன. எந்த நகை எந்தப் பணத்தில் வாங்கியது, எது யாருக்குப் போக வேண்டியது என்று பிரித்துப் பார்த்தார்கள். இருபது ஆண்டு இழுபறிக்குப் பின் 1857 டிசம்பரில் ஹானோவருக்குச் சாதகமாக முடிவு வந்தது. 1858 தொடக்கத்தில் நகைகள் ஹானோவர் தூதரிடம் ஒப்படைக்கப்பட்டன. விக்டோரியா வருந்தினார், ஆனாலும் கொடுத்தார்.

லாகூரை அறிந்தவர்கள் இங்கே நிற்க வேண்டும். மூலத்தை ஆராயலாம், உரிமையை நிறுவலாம், கழுத்தில் கிடக்கும் நகையைக் கூடக் கழற்றிக் கொடுக்கலாம் என்பதை அதே அரண்மனை, அதே அரசி, அதே பத்தாண்டில் செய்து காட்டினார்கள். கேட்டவர் ஐரோப்பிய மன்னர். அவருக்கென நடுவர் குழு கூடியது. துலீப் சிங்குக்காக எந்தக் குழுவும் கூடவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஹானோவருக்குப் போன நகைகளின் இடத்தை நிரப்ப விக்டோரியா 1858-இல் புதிய வைரக் கழுத்தணி செய்யச் சொன்னார். வாள் ஒன்றிலும் கார்ட்டர் விருதுச் சின்னத்திலும் இருந்த கற்களைக் கழற்றிக் கோத்தார்கள். நடுவில் தொங்க ஒரு பெரிய வைரம் வேண்டியிருந்தது. தைமூர் மாணிக்க அணியிலிருந்து 22.48 காரட் வைரத்தை எடுத்துத் தொங்கவிட்டார்கள். அதற்கு லாகூர் வைரம் என்று பெயர். உறவினருக்குத் திருப்பிக் கொடுத்ததால் விழுந்த வெற்றிடத்தை, திருப்பிக் கேட்க ஆளில்லாத லாகூர் நிரப்பியது.

மகன் கேட்டதும் தாய் விட்டுச் சென்றதும்

துலீப் சிங் 1854-இல் இங்கிலாந்து வந்தார். அதற்கு முன்பே கிறித்தவராக மாற்றப்பட்டிருந்தார். பக்கிங்ஹாம் அரண்மனையில் ஓவியர் வின்டர்ஹால்டர் அவரை முழு அரச கோலத்தில் வரைந்துகொண்டிருந்தபோது, புதிதாகத் தீட்டிய கோஹினூரை விக்டோரியா அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சிறுவர் அதைச் சன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துச் சென்று நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து அரசியின் கையில் வைத்தார். அந்த 15 வயதுச் சிறுவருக்கு வேறு வழி என்ன இருந்தது? வளர்ந்து, வாசித்து, தன் வரலாற்றைத் தானே அறிந்துகொண்ட பிறகு, 1880-களில் அவர் வெளிப்படையாக உரிமை கோரினார். லண்டன் டைம்ஸுக்கு எழுதினார். அந்தப் பத்திரிகையே அவர் கோரிக்கையைத் தள்ளியது. 1886-இல் இந்தியா திரும்பப் புறப்பட்டவரை ஏடனில் தடுத்தார்கள். 1893-இல் பாரிஸில் இறந்தார்.

தாய் ஜிந்தன் கௌர் 1849 ஏப்ரலில் காசிப் பக்கத்துச் சுனார் கோட்டையிலிருந்து வேலைக்காரப் பெண்ணின் உடையில் தப்பி நேபாளம் சென்றார். 1861-இல் கல்கத்தாவில் மகனைச் சந்தித்தார். பதின்மூன்று ஆண்டுப் பிரிவில் அவர் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. மகனோடு இங்கிலாந்து செல்ல இசைந்ததும் பறிமுதல் ஆன நகைகளில் சில அவருக்குத் திரும்பக் கிடைத்தன. லண்டனில் ஜார்ஜ் ரிச்மண்ட் வரைந்த அவருடைய ஓவியத்தில் மரகதமும் முத்தும் அணிந்த முதிய அரசியைப் பார்க்கிறோம். 1863 ஆகஸ்ட் 1 அன்று கென்சிங்டனில் காலமானார். அவர் அணிந்ததாக நகைப்பெட்டியிலேயே எழுதப்பட்ட மரகத அட்டிகை ஒன்று 2018 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 1,87,000 பவுனுக்கு விற்றது. அரசியின் நகை என்று இந்தத் தொடர் முழுக்க எழுதிவருகிறோம். லாகூர் நகைகளைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு முதல் உரிமை உடையவர் ஜிந்தன் கௌர்.

இன்று என்ன செய்யலாம்?

2023 மே 6 அன்று முடிசூடிய அரசி கமிலா கோஹினூர் இப்போது பதிந்துள்ள வேறொரு மகுடத்தைத் தவிர்த்து, மேரியின் மகுடத்தை வேறு வைரங்களுடன் அணிந்தார். இந்திய உணர்வுகளை மதித்த செயல் என்று பலர் பாராட்டினார்கள். ஆனால் அன்று அவர் கழுத்தில் இருந்தது 1858-இல் செய்த அதே கழுத்தணி. அதன் நடுவே லாகூர் வைரம் தொங்கியது. கோஹினூரை மட்டும் பேசிப் பேசிப் பழகிவிட்டதால் பஞ்சாபின் இன்னொரு கல்லை நாம் யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கவனக்குறைவு நம் நாட்டிலும் உண்டு. 2016 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் சார்பில், கோஹினூர் திருடப்படவில்லை, போர்ச் செலவுக்கு ஈடாக ரஞ்சித் சிங் தாமாகவே கொடுத்தார் என்று சொல்லப்பட்டது. ரஞ்சித் சிங் இறந்தது 1839-இல். ஆங்கில–சீக்கியப் போர் தொடங்கியது 1845-இல். எதிர்ப்பு எழுந்ததும் அரசு அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. உரிமை கேட்பவர்களே மூலம் அறியாமல் பேசினால், மறுப்பவர்களுக்கு வேலை மிச்சம். 1976-இல் பாகிஸ்தான் பிரதமர் பூட்டோ கேட்டபோது பிரிட்டிஷ் பிரதமர் கேலஹன் காட்டியதும் லாகூர் உடன்படிக்கையைத்தான். அந்தத் தாளில் கையெழுத்திட்டவரின் வயதையும், அவர் தாய் அன்று இருந்த இடத்தையும் தெரிந்தவர்களால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் என்று உரிமை கோருவோர் பலர் இருக்கையில் யாரிடம் திருப்புவது என்பது உண்மையாகவே கடினமான கேள்வி. ஆனால் உண்மையை முழுமையாகச் சொல்வதற்கு அந்த விடை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. லண்டன் கோபுரத்தில் கோஹினூரை வெற்றியின் சின்னம் என்று வெளிப்படையாகச் சொல்லும் காட்சியமைப்பு 2023 மே மாதத்தில் வந்துவிட்டது. அதே நேர்மை லாகூர் வைரத்துக்கும் மரகதக் கச்சைக்கும் முத்துச் சரத்துக்கும் வேண்டும். 1912-இல் திரட்டிய கோப்பு கையில் இருக்கும்போது, எங்கிருந்து வந்தது என்று தெரியாது என அரண்மனை சொல்ல முடியாது. கம்பெனி வழங்கியது என்ற வரிக்கு முன்னால் துலீப் சிங்கின் பெயரும், அவருடைய அன்றைய வயதும், 1849 மார்ச் 29 என்ற தேதியும் எழுதப்பட வேண்டும்.

அடுத்த பகுதியில், 1911 டெல்லி தர்பாரில் அரசி மேரிக்கு இந்தியப் பெண்களின் பெயரால் வழங்கப்பட்ட மரகத அட்டிகையைப் பார்ப்போம்.

(தொடரும்)